பன்னிரண்டு வோல்ட்டில் பாட்டு

கார் டிக்கியில் பொருத்தும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எழுத, எழுபதைத் தாண்டிய ஒரு குமாஸ்தாவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். என் அக்காள் பேரன் போன மாதம் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "தாத்தா, முன்கதவு ஸ்பீக்கர் ரெண்டையும் ஒரு சப்வூஃபரையும் இந்த ஒரே பெட்டியில ஓட்டலாமா?" என்று கேட்டான். ஓட்டலாம். இப்போது பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் ஏன் ஓட்டலாம் என்று சொல்லப் போனால் 1930-க்குப் போக வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுக் கதையும் ஒரே தொல்லையைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்தத் தொல்லை காரின் பேட்டரி. வீட்டில் சுவரில் சொருகினால் 230 வோல்ட். காரில் இருப்பதோ பன்னிரண்டு. அந்தக் காலத்தில் அதுவும் இல்லை, வெறும் ஆறு.

ஆறு வோல்ட்டில் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். ரேடியோ பாடாது. ரேடியோ அப்போது வால்வில் ஓடியது. வால்வு சூடேற ஆறு வோல்ட் போதும், ஆனால் வேலை செய்ய நூறு, இருநூறு வோல்ட் கேட்கும். அதனால் காரில் ரேடியோ வைத்த ஆரம்பகால ஆசாமிகள், தனியாக உயர் வோல்ட் உலர் பேட்டரிகளை வாங்கி, காரின் தரைக்கு அடியில் பெட்டி கட்டி வைத்தார்கள். அவை தீரத் தீரக் காசு கொடுத்து மாற்ற வேண்டும். பணக்காரர் விளையாட்டுதான்.

சிகாகோவில் பால் கால்வின் என்பவர் தம்பி ஜோசஃபுடன் சேர்ந்து நடத்திய சிறு கம்பெனி 1930-ல் ஒரு கார் ரேடியோவைச் செய்தது. அந்த ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. உள்ளே கடை போட வசதியில்லை. கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, வருவோர் போவோரிடம் ஆர்டர் பிடித்தார். மோட்டார் என்பதோடு அந்தக் காலத்துக் கிராமஃபோன் பெயர்களின் வாலான 'ஓலா'வை ஒட்டி மோட்டரோலா என்று பெயர் வைத்தார். பிற்பாடு கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது. விலை 110 டாலருக்கு மேல். ஒரு புதுக் காரே அறுநூறு, எழுநூறு டாலருக்குக் கிடைத்த காலம். அவரோடு வேலை பார்த்த இருவரைச் சொல்ல வேண்டும். வில்லியம் லியர் பிற்காலத்தில் எட்டு டிராக் டேப்பையும் லியர்ஜெட் விமானத்தையும் கொண்டுவந்தவர். எல்மர் வேவரிங் காருக்கான ஆல்டர்னேட்டர் உருவானதில் பங்கு உள்ளவர். பாட்டுக்குக் கரன்ட் போதவில்லை என்று பார்த்தவரே, பின்னாளில் கரன்ட் உற்பத்திப் பக்கம் போயிருக்கிறார்!

தரையடி பேட்டரிகளை ஒழித்தது வைப்ரேட்டர் என்ற சிறு சாமான். 1930களின் தொடக்கத்தில் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஆறு வோல்ட்டை இருநூறாக ஏற்றிவிடலாம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி தருவது ஒரே சீராக ஓடும் மின்சாரம். வைப்ரேட்டருக்குள் ஒரு மெல்லிய உலோக நாக்கு இருக்கும். காலிங்பெல்லில் சுத்தி அடித்துக்கொள்வதுபோல, அது வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிக் கொடுக்க, அதை மறுபடி நேர்மின்சாரமாக்கி வால்வுக்குக் கொடுத்தார்கள். பழைய கார் ரேடியோவைத் திருப்பியதும், பாட்டு வருவதற்கு முன்னால் 'ங்ங்ங்' என்று ஒரு வண்டுச் சத்தம் கேட்குமே, அது இந்த நாக்கின் வேலைதான். நாக்கு தேய்ந்து போகும், ஒட்டிக்கொள்ளும். கழற்றி மாற்ற வசதியாக, வால்வு மாதிரியே அதையும் சாக்கெட்டில் சொருகி வைத்தார்கள்.

இந்த நாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

பாண்டிச்சேரியில் என் சிறுவயதில் ரேடியோ வைத்த கார் விரல்விட்டு எண்ணக்கூடியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா வீடுகளில் பிலிப்ஸ், கிருண்டிக் பெட்டிகள் உண்டு. அவை நடுக்கூடத்துச் சாமான்கள். எங்களுக்குத் தெரிந்து முதலில் காரில் ஏறிய ஆம்ப்ளிஃபயர், பாட்டுக்காக ஏறியதில்லை, ஓட்டுக்காக ஏறியது. கூரைமேல் முன்னும் பின்னும் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, பின்சீட்டில் ஒரு பேட்டரி, மடியில் ஆம்ப்ளிஃபயர், கையில் மைக். மேட்னி ஷோ அறிவிப்பும் அந்த வண்டியில்தான். பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கிக்கு 'ஓ-பர்லேர்' என்று படித்தோம். உரக்கப் பேசுவது என்று பொருள். அந்த வண்டிகளுக்குப் பொருத்தமான பெயர். கூம்பு ஒலிபெருக்கி, கொஞ்சம் வாட்ஸிலேயே ஊரைக் கூட்டும். அதனால்தான் பன்னிரண்டு வோல்ட் அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியை அதில் கேட்க முடியாது, பேச்சு மட்டும்தான்.

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1955-ல் கிறைஸ்லர் கம்பெனியும் ஃபில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாத கார் ரேடியோவை அறிவித்தன. 1956 மாடல் இம்பீரியல் காரில் 150 டாலர் கூடுதல் கொடுத்தால் கிடைத்தது. அமெரிக்கக் கார்களும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. டிரான்சிஸ்டருக்குப் பன்னிரண்டே தாராளம். வைப்ரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் குப்பைக்குப் போயின. காரைத் தொட்டதும் பாட்டு. தொல்லை தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிலிப்ஸ் 1963-ல் காசெட்டைக் கொண்டுவந்தது. ஸ்டீரியோ காருக்குள் வந்தது. நம் பக்கம் 1980களில் அம்பாசடர் டாக்ஸிகளின் பின்கண்ணாடிக்குக் கீழே இரண்டு பெட்டி ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. துபாயிலிருந்து வந்தவர் கொண்டுவந்த ஜப்பான் டெக் என்றால் டிரைவருக்குத் தனி மரியாதை. ஆனால் வால்யூமை முக்கால் திருப்பினால் பாட்டு கரகரக்கும். டேப் தேய்ந்துவிட்டது, ஸ்பீக்கர் சரியில்லை என்றெல்லாம் சொல்வோம். பெரும்பாலும் இரண்டும் இல்லை.

கணக்குப் பார்த்தால் புரியும். பள்ளியில் 'பே எகால் யூ ஈ' என்று மனப்பாடம் செய்தது இன்னும் போகவில்லை: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். (ஆம்பியர் லியோனில் பிறந்த ஆந்த்ரே-மரி ஆம்பேரின் பெயர். 1881-ல் பாரிஸில் கூடிய மாநாட்டில்தான் வோல்ட், ஓம் இவற்றோடு அதுவும் அளவையாக ஏற்கப்பட்டது. எங்கள் வாத்தியார் இதைச் சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.) ஓடும் காரின் பேட்டரியில் அதிகபட்சம் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைய வேண்டுமானால் அதைப் பாதியாகப் பிரிக்க வேண்டும், பக்கத்துக்கு 7.2. பாட்டு போன்ற அலைமின்சாரத்துக்கு அதன் பயனுள்ள அளவு ஐந்து வோல்ட்தான். நாலு ஓம் ஸ்பீக்கரில் ஐந்து வோல்ட் தந்தால் கிடைப்பது ஆறு வாட்ஸ் சொச்சம். எவ்வளவு நல்ல டிரான்சிஸ்டர் போட்டாலும் ஆறுதான். கருவூலத்தில் இருப்பதற்கு மேல் பில் பாஸ் ஆகாது.

இதைத் தாண்டக் கண்டுபிடித்த முதல் உபாயம் பிரிட்ஜிங். ஸ்பீக்கரின் ஒரு முனையை ஒரு ஆம்ப்ளிஃபயர் தள்ளும். மறு முனையைச் சும்மா பூமியில் கட்டாமல், இன்னொரு ஆம்ப்ளிஃபயரிடம் கொடுத்து, அதே பாட்டைத் தலைகீழாக்கித் தள்ளச் சொல்வது. இவன் தள்ளும்போது அவன் இழுப்பான். இரண்டு பேர் மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி. ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்ட் இரட்டிப்பு; வாட்ஸ் நாலு மடங்கு. ஆறு வாட்ஸ் இருபத்தைந்தாகும். இழப்பு போக இருபது. இத்தாலியின் எஸ்.ஜி.எஸ். கம்பெனி இந்த வேலைக்கென்றே டி.டி.ஏ. 2005 என்ற ஐ.சி.யை விற்றது. அதன் தம்பி டி.டி.ஏ. 2003-ஐ நம்மூர் ரேடியோ மெக்கானிக் கடைகளில் காய்கறி மாதிரி வாங்கிப் போவார்கள். அந்தக் கம்பெனி 1987-ல் பிரான்ஸின் தோம்சோன் கம்பெனியின் செமிகண்டக்டர் பிரிவோடு சேர்ந்தது. இன்றைக்கும் டேஷ்போர்டு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது இந்த உபாயம்தான். நாலு ஸ்பீக்கருக்கும் தனித்தனி பிரிட்ஜ். முகப்பில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருப்பான். உண்மையில் ஒவ்வொன்றிலும் இருபது வந்தால் பெரிது.

இருபது வாட்ஸ் போதாதா என்றால், பேச்சுக்கும் வயலினுக்கும் போதும். கீழ்ஸ்தாயிக்குப் போதாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே அளவு சத்தத்துக்கு ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். அது இயற்கையின் விதி. போதாததற்கு நம் காதும் கீழ்ஸ்தாயியில் மந்தம். 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்தே காட்டிவிட்டார்கள். காரிலோ டயர், இன்ஜின் இரைச்சல் முழுவதும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் வந்து உட்காருகிறது. ஆக மிருதங்கத் தொப்பியும், இளையராஜாவின் பேஸ் கிட்டாரும் காருக்குள் காணாமல் போவதற்கு மூன்று காரணம் சேர்ந்துவிடுகிறது. அவற்றைக் கேட்க நூறு வாட்ஸுக்கு மேல் வேண்டும், அதைப் போடத் தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கரும் வேண்டும். ஆங்கிலத்தில் சப்வூஃபர். பிரெஞ்சில் 'கேசோன் த பாஸ்', கீழ்ஸ்தாயிப் பெட்டி. பணப்பெட்டிக்குச் சொல்லும் 'கேஸ்' என்ற சொல்லின் உறவுதான் இந்தக் கேசோன். காரின் கரன்ட்டை அது விழுங்குவதைப் பார்த்தால் உறவு சரியாகத்தான் இருக்கிறது.

1970களில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் போன்ற சிலர், டேஷ்போர்டை விட்டு விலகி, தனியாக ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைச் செய்யத் தொடங்கினார்கள். ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் என்று இன்றும் அந்தப் பெயரில் சாமான் வருகிறது. இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பாதி இடத்தில் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். மீதிப் பாதியில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வைப்ரேட்டர்! நாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர். வினாடிக்கு நூறு தடவைக்குப் பதில் பல்லாயிரம் தடவை. வேகம் கூடியதால் டிரான்ஸ்ஃபார்மர் வளையல் அளவுக்குச் சிறுத்துவிட்டது, காதுக்கு எட்டாத வேகம் என்பதால் வண்டுச் சத்தமும் இல்லை. ஆனால் வேலை அதேதான்: பேட்டரியை வெட்டி வெட்டி அனுப்பு, ஏற்று, நேராக்கு. பன்னிரண்டு வோல்ட் உள்ளே போய், கூட்டலில் இருபத்தைந்தும் கழித்தலில் இருபத்தைந்துமாக வெளியே வருகிறது. டிரான்சிஸ்டர் வந்ததும் எதைக் குப்பைக்கு அனுப்பினார்களோ, அதையே டிரான்சிஸ்டரை வைத்துத் திரும்பச் செய்திருக்கிறார்கள். இந்த ஒரு இடத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

இனி நாலு சேனல் பெட்டிக்கு வருவோம். அதில் இரண்டு உபாயமும் ஒன்றாக இருக்கிறது. உள்ளே வைப்ரேட்டரின் பேரன். வெளியே பிரிட்ஜ் செய்யும் வசதி. முன் இரண்டு சேனல் கதவு ஸ்பீக்கர்களுக்கு. பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கிச் சப்வூஃபருக்கு. கீழ்ஸ்தாயி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, அதனால் ஒரு சப்வூஃபரே போதும். நடுத்தரப் பெட்டி ஒன்றில் இப்படி அச்சிட்டிருக்கும்: நாலு ஓமில் 50 வாட்ஸ் × 4, பிரிட்ஜ் செய்தால் நாலு ஓமில் 150 × 2. விதிப்படி நாலு மடங்காகி 200 வர வேண்டும். உள்ளே இருக்கும் சப்ளை அவ்வளவு தாங்காது, அதனால் 150. கதவுக்கு ஐம்பது ஐம்பது, சப்வூஃபருக்கு நூற்றைம்பது. யாருக்கு எவ்வளவு பசியோ அவ்வளவு சோறு. தனித்தனியாக இரண்டு பெட்டி வாங்க வேண்டாம், இரண்டு மடங்கு வயர் இழுக்க வேண்டாம். இந்த முறை நிலைத்ததற்குக் காரணம் சிக்கனம்.

இரண்டு நிபந்தனை உண்டு. பெட்டியிலேயே கிராஸ்ஓவர் என்று ஒரு திருகு இருக்கும். 80 ஹெர்ட்ஸ் பக்கமாக வைத்து, அதற்கு மேலே இருப்பது மட்டும் கதவுக்கு, கீழே இருப்பது சப்வூஃபருக்கு என்று பாகம் பிரித்துவிட வேண்டும். பிரித்தால் கதவு ஸ்பீக்கருக்கும் நிம்மதி. தன்னால் முடியாத வேலையில் கூம்பை உதறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் சுமை என்று உணரும். நாலு ஓம் சப்வூஃபர் இரண்டாகத் தெரியும். இரண்டு ஓம் சப்வூஃபரைக் கட்டினால் ஒன்றாகத் தெரியும், பெட்டி சூடேறி நின்றுவிடும், அல்லது புகைந்துவிடும். கடையில் 'சார், எல்லாம் ஒண்ணுதான்' என்பார்கள். ஒன்றில்லை.

வாட்ஸ் விஷயத்தில் இன்னும் பெரிய மோசடி உண்டு. அட்டைப்பெட்டியின் மேல் '2000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பி.எம்.பி.ஓ. என்று பக்கத்தில் பொடியாக. முப்பது வருஷத்துக்கு மேல் பில்லையும் வவுச்சரையும் ஒப்பிட்டுப் பார்த்தவனுக்கு இதில் ஒரு சுகம் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் ஃப்யூஸ் இருக்கும், அதுதான் வவுச்சர். 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 13.8 வோல்ட்டால் பெருக்குங்கள்: 414 வாட்ஸ். இதுதான் வரவு. பழைய பாணி ஆம்ப்ளிஃபயர் அதில் அறுபது சதவீதத்தைப் பாட்டாக்கும், மீதி சூடாகப் போகும். ஆகச் செலவு 250 வாட்ஸ். முன்னே சொன்ன 50, 50, 150 கூட்டினால் அதே 250. அந்தப் பெட்டி யோக்கியமானது. அதே 30 ஆம்பியர் ஃப்யூஸை வைத்துக்கொண்டு 2000 என்பவன் கணக்கில் எங்கோ கை வைத்திருக்கிறான். அமெரிக்காவில் 2003-ல் சி.இ.ஏ. 2006 என்று ஒரு முறை வகுத்து, 14.4 வோல்ட், நாலு ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்த முத்திரை உள்ள பெட்டியின் எண்ணை நம்பலாம்.

வரவு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 30 ஆம்பியர் என்பது சின்னக் காரின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பதைப் போல மூன்று மடங்கு. அவ்வளவும் பேட்டரியிலிருந்து ஒரு வயர் வழியாக, இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தகட்டில் ஓட்டை போட்டு, சீட்டுக்கு அடியில் ஓடி, டிக்கிக்கு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பையனின் காரில் இந்த வயர்தான் பற்றியது. தகட்டு ஓட்டையின் விளிம்பில் உரசி உரசி மேல்தோல் போய், இரும்பைத் தொட்டுவிட்டது. ஆம்ப்ளிஃபயரில் ஃப்யூஸ் இருந்தது. ஆனால் அது வயரின் கடைசியில். பேட்டரி பக்கத்தில் பொருத்தியவர்கள் ஒன்றும் போடவில்லை. நடுவில் ஷார்ட் ஆனால் கடைசியில் இருக்கும் ஃப்யூஸுக்கு எப்படித் தெரியும்? பேட்டரியில் உள்ள அத்தனையும் அந்த வயரில் பாய்ந்தது. அவன் அம்மா புகையைப் பார்த்துக் கத்தியதால் குழந்தையை இறக்கிவிட்டார்கள். முன்சீட்டும் கார்ப்பெட்டும் போயின. பேட்டரி முனையிலிருந்து அரை மீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ், ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகாது. பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் வயருக்கு, பெட்டியில் உள்ள ஃப்யூஸ் பெட்டிக்கு. ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விடக் கூடாது.

இப்போது டி கிளாஸ் என்ற வகைதான் அதிகம். பாட்டையே துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் முறை. யோசனை 1950களிலேயே இருந்தது. 1964-ல் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரை இந்த முறையில் செய்து விற்றார், சரியாக வரவில்லை. வேகமான டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகு அது பிழைத்துக்கொண்டது. வரவில் எண்பது சதவீதத்துக்கு மேல் பாட்டாகிறது, சூடு குறைவு. பெட்டி ஒரு டைரி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஐந்து சேனல் பெட்டியும் வருகிறது. நாலு கதவுக்கு நாலு, சப்வூஃபருக்கென்று தனியாக ஒன்று.

இந்தப் பெட்டியை வீட்டில் வைத்து, கம்ப்யூட்டர் சப்ளையில் ஓட்டுகிற பையன்களும் இருக்கிறார்கள். 230 வோல்ட்டைப் பன்னிரண்டாக இறக்கி, பெட்டிக்குள் மறுபடி ஐம்பதாக ஏற்றுவது, கடலூருக்குப் போக விழுப்புரம் சுற்றுகிற கதை. சப்ளை 30 ஆம்பியர் தாங்குவதாக இருந்தால் போய்ச் சேரலாம். ஆனால் மின்சாரமே இல்லாதபோது கார்ப்பெட்டிக்கு நிகரில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவில் நாள் கணக்கில் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் காரின் நாலு கதவையும் திறந்து வைத்து, ரேடியோ சேதியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தார். மெதுவாகப் பேச்சு கேட்க மூன்று, நாலு ஆம்பியர் போதும். அரை மணிக்கொரு தடவை இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடுவார். சப்வூஃபரை மட்டும் கழற்றி வைத்திருந்தார்.